தகட்டைக் கழற்றச் சொன்ன பெரியப்பாவுக்கு

திங்கட்கிழமை

மதிப்புமிக்க பெரியப்பாவும் நமது டிரைவிங் ஸ்கூலின் உரிமையாளருமான தங்களுக்கு, தங்கள் தம்பி மகனும் கீழ்த்தளத்துப் பயிற்சியாளனுமாகிய நான் பணிவோடு எழுதிக்கொள்வது. நான் நலம். தங்கள் நலத்தை விசாரிக்கத் தேவையில்லை. தங்கள் அறை ஏசியின் தண்ணீர் நான் நிற்கிற இடத்தில்தான் சொட்டுகிறது. அது காலையிலிருந்து நிற்காமல் சொட்டுவதால் தாங்கள் மிகவும் நலமாக இருக்கிறீர்கள் என்று தெரிகிறது.

பன்னிரண்டு படி ஏறினால் இதை நேரிலேயே சொல்லிவிடலாம். போன மாதம் அப்படி ஏறி வந்தபோதுதான், "எதுவா இருந்தாலும் எழுதிக் குடுடா, வாயால சொன்னா ரெக்கார்டு இருக்காது" என்று திருப்பி அனுப்பினீர்கள். ஆகவே ரெக்கார்டு.

காலையில் தங்கள் துண்டுச்சீட்டு கிடைத்தது. "பழைய வண்டி சத்தம். மேனிஃபோல்டு தகட்டைக் கழற்றி எறி. இன்றே." எட்டே வார்த்தை. தாங்கள் அந்த வண்டியின் பானெட்டைத் திறந்து பார்த்து ஆறு வருடம் இருக்கும் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். எஞ்சினிலிருந்து புகை வெளியேறுகிற முதல் குழாய்தான் மேனிஃபோல்டு. அரை மணி நேரம் ஓடிய வண்டியில் அதன் மேல் தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று ஆவியாகப் போகும். அந்தச் சூடு பக்கத்தில் இருக்கிற ஒயரையும் ரப்பர் குழாயையும் தின்றுவிடாமல் இருக்க, மெல்லிய தகடு ஒன்றை வளைத்து மூன்று போல்ட் போட்டு மேலே மூடியிருக்கிறார்கள். நம் வண்டியில் ஒரு போல்ட்டின் ஓட்டை துருப்பிடித்துப் பெரிதாகிவிட்டது. எஞ்சின் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு வந்ததும் தகடு கடகடவென்று நடுங்கும், தாண்டியதும் அடங்கிவிடும். அது செய்கிற குற்றம் இவ்வளவுதான். ஆனால் சத்தம் போடுவதையெல்லாம் கழற்றி எறிவது தங்களுக்குப் புதிதல்ல. வரவேற்பில் இருந்த பெண் உட்கார ஒரு நாற்காலி கேட்டாள். "வாய் நீளம்" என்று அடுத்த வாரமே அனுப்பிவிட்டீர்கள். நாற்காலியும் வரவில்லை, அவளும் இல்லை. அந்த இடத்தில் இப்போது ஒரு பிளாஸ்டிக் செடி நிற்கிறது. அதற்கு நாற்காலி தேவைப்படவில்லை.

இத்தனைக்கும் காரணம் பல் டாக்டர். சனிக்கிழமை அவருக்கு முதல் வகுப்பு. தகடு நடுங்கியதும் மனுஷன் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். நான் என் பக்கத்து பிரேக்கை மிதித்ததால் ஒரு பூந்தொட்டியோடு போயிற்று. "என்னப்பா இது, தகர டப்பாவைக் கட்டி இழுக்கிற மாதிரி?" என்றார். நாள் முழுக்க அடுத்தவன் வாயில் மெஷினை விட்டு ராவுகிறவருக்கு இந்தச் சத்தம் தாங்கவில்லையாம்! அவர் படி ஏறி வந்து வாயால் சொன்னார், தாங்கள் கேட்டுக்கொண்டீர்கள். அவரிடம் மட்டும் ரெக்கார்டு கேட்கவில்லை.

கழற்றிப் பார்க்கவில்லை என்று நினைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே தங்கள் மகன் ஒரு கையில் போனும் மறு கையில் ஸ்பானருமாக இறங்கி வந்தான். "அண்ணே, ரேஸ் கார்ல எல்லாம் இந்தத் தகடே கிடையாதுண்ணே" என்றான். "ரேஸ் கார் ஓட்டுறவன் தீப்பிடிக்காத சட்டை போட்டிருப்பான்டா, நம்ம கணக்கு வாத்தியார் பாலியஸ்டர் சட்டையில வர்றாரு" என்றேன். கேட்டால்தானே. இரண்டு போல்ட்டைக் கழற்றினான், மூன்றாவதின் தலையை உடைத்தான், தகட்டைச் சுவரோரம் சாய்த்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டான். அதற்குள் வகுப்பு நேரம். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் வண்டியை எடுத்தார், இரண்டாவது கியருக்கு வந்தார், அங்கேயே குடியிருந்துவிட்டார். எஞ்சின் அலறுகிறது, பின்னால் வருகிறவன் எல்லாம் ஹாரன் அடிக்கிறான், வாத்தியார் மட்டும் அமைதியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு போகிறார். "சார், மூணாவது போடுங்க" என்றேன். "தகடு இன்னும் கூப்பிடலையே தம்பி" என்றார்.

இந்த இடத்தில் ஒரு உண்மையை எழுத வேண்டியிருக்கிறது. எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று காட்டுகிற முள் அந்த வண்டியில் செத்து இரண்டு வருடம் ஆகிறது. எழுத்தில் கொடுத்தேன், மாற்றவில்லை. பயந்துபோய் உட்கார்ந்திருக்கிற ஆளிடம் "எஞ்சின் ஓசையைக் கேட்டு கியர் மாத்துங்க" என்றால் அவருக்குத் தன் நெஞ்சு அடிப்பதுதான் கேட்கும். அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். தகடு நடுங்கும்போது கியர் மாற்றினால் கச்சிதமாக இருந்தது. "தகடு கூப்பிட்டா மாத்து" என்று சொல்லிக் கொடுத்தேன். இரண்டு வருடமாக இந்தப் பள்ளியில் தேறினவர்கள் எல்லாரும் அந்தத் தகட்டிடம் படித்தவர்கள்தான். வாசல் பலகையில் இருப்பது தங்கள் போட்டோ.

வாத்தியார் இரண்டாவது கியரிலேயே முப்பது நிமிடம் ஊரைச் சுற்றியதில் கருகல் நாற்றம் வந்தது. பானெட்டைத் திறந்தால் ஒரு ஒயரின் மேலுறை உருகிச் சுருண்டு கிடந்தது. எதிர்க்கடை மெக்கானிக் ஓடி வந்தார். "தகட்டை எவன்டா கழட்டுனது?" என்றார். முதலாளி மகன் என்றேன். "அப்ப சரி, படிச்ச பையன்" என்றார். ஒயரைச் சுற்றி டேப் போட்டு, தகட்டைத் திரும்ப வைத்து, உடைந்த போல்ட் இருந்த இடத்தில் கம்பி போட்டுக் கட்டிக் கொடுத்தார். "ஓட்டை பெருசானதுக்கு அகலமா ஒரு வாஷர் போட்டு இறுக்கினா தகடும் இருக்கும், சத்தமும் போயிடும். பத்து நிமிஷ வேலை, செய்யட்டுமா?" என்று கேட்டார். நான்தான் வேண்டாம் என்றேன். எனக்குத் தகடும் வேண்டும், சத்தமும் வேண்டும். காரணம் லாண்டரி அக்கா.

ஆஸ்பத்திரி லாண்டரியில் இருபது வருடமாக ஈரத் துணி வண்டியைத் தள்ளுகிறாரே, அந்த அக்கா. துணி ஏற்றிப் போகிற வேனுக்கு அங்கே டிரைவர் இடம் காலியாக இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் லைசென்ஸைக் காட்டினால் அக்காவுக்கு, இல்லாவிட்டால் சூப்பர்வைசரின் மச்சானுக்கு. வியாழக்கிழமை தேர்வு. அக்காவுக்கு இது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் ஏன் போயிற்று என்று எனக்குத் தெரியும். தேர்வு எடுக்கிற அந்த இன்ஸ்பெக்டருக்குக் கை காய்த்த ஆட்களைக் கண்டால் ஃபெயில் போடப் பேனா தானாகத் திறந்துகொள்ளும். கணக்கு வாத்தியாரே தகடு இல்லாமல் தவிக்கிறார் என்றால், எட்டாம் வகுப்போடு நின்ற அக்கா என்ன செய்வார்? பாவம், அவரால் முடியுமா? அவருக்காகப் பேச நான் ஒருவன்தான் இருக்கிறேன். ஆகவே தகட்டைக் கழற்றவும் மாட்டேன், இறுக்கவும் விடமாட்டேன். வியாழக்கிழமை மதியம் வரை அது நடுங்கிக்கொண்டேதான் இருக்கும். அதற்குப் பிறகு பல் டாக்டர் விருப்பம்.

பெரியம்மாவுக்கு என் வணக்கங்கள். தங்கள் மகன் நீடூழி வாழட்டும், ஸ்பானர் இல்லாமல். தாங்கள் நூறு வயது இருந்து நிறைய துண்டுச்சீட்டு எழுத வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

தங்கள் தம்பி மகன்

பின்குறிப்பு: வியாழக்கிழமை, மாலை. திங்கட்கிழமை தங்கள் மேசைத் தட்டில் வைத்த கடிதம் இன்றும் பிரிக்காமலே கிடந்தது. அதனால் நானே எடுத்துப் பிரித்து இதையும் எழுதுகிறேன்.

நேற்று நான் சாப்பிடப் போன நேரத்தில் மெக்கானிக் நான் வேண்டாம் என்றதையும் மீறி வாஷர் போட்டுத் தகட்டை இறுக்கிவிட்டார். வண்டி சத்தமே இல்லாமல் ஓடியது. அக்காவிடம் ஓடிப்போய், "அக்கா, தகடு போச்சு, தேர்வைத் தள்ளிப் போட்டுடலாம்" என்றேன். அக்கா துணி மடிப்பதை நிறுத்தவே இல்லை. "எந்தத் தகடு?" என்றார். சொன்னேன். "அந்தக் கடகடவா? நாலு வாஷிங் மெஷின் நடுவுல நிக்கிறவ காதுல அதெல்லாம் விழுமா தம்பி? மெஷின் வேகம் மாறினா எனக்குத் தரை வழியா கால்ல தெரியும். வண்டியும் அப்படித்தானே, கால்லயே சொல்லுது."

"அப்புறம் ஏன் ரெண்டு தடவை போச்சு?" என்று கேட்டேன். மடித்த துணியை அடுக்கி வைத்தார். பிறகு, "நாளைக்கு நீ பக்கத்துல உட்கார வேணாம், அந்த மெக்கானிக்கை உட்காரச் சொல்லு" என்றார்.

உட்கார்ந்தார். நான் தேர்வு மைதானத்து வாசலில் நின்றேன். அக்கா ஒருமுறை கூட எஞ்சினை அலறவிடாமல் சுற்றி வந்து நிறுத்தினார். தேறிவிட்டார். இன்ஸ்பெக்டர் கை கூடக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் அக்கா கைப்பையிலிருந்து நாலாக மடித்த இரண்டு தாளை எடுத்து என்னிடம் கொடுத்தார். முதல் இரண்டு தேர்வின் முடிவுத் தாள்கள். இரண்டிலும் ஒரே வரி: "ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் முன்பு பயிற்சியாளர் இருமி ஜாடை காட்டினார்." தகடு நடுங்கியும் அக்கா கவனிக்கவில்லையோ என்ற பயத்தில் லேசாக இருமினேன் பெரியப்பா. உதவி என்று நினைத்துத்தான்.

"இதை அப்பவே ஏன்க்கா காட்டல?" என்றேன். "ஆபீஸ்ல குடுத்தா உங்க பெரியப்பா உன்னை வேலையை விட்டுத் தூக்கிடுவாரேப்பா" என்றார்.

இரண்டு தாளையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.