அறுபது பர்சென்ட் கஜா

மனிதர்கள் பணக்காரர்களைப் பார்த்துப் பொறாமைப்படுகிறார்கள் என்று சொல்வது சுத்தப் பொய். பணக்காரரைப் பார்த்தால் நமக்குக் கும்பிடுதான் வரும். வயிறு எரிய வேண்டுமென்றால் அந்த ஆள் நம்மை மாதிரியே இருக்க வேண்டும், நம் தெருவிலேயே இருக்க வேண்டும். எனக்கு அப்படி ஒருத்தி வாய்த்தாள். பெயர் சரளா.

ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் எங்கள் தறித் தெருவில் அவள் எதிர்வீடு. இரண்டு பேருக்கும் சின்ன வயதிலேயே போலியோ. எனக்கு இடது கால், அவளுக்கு வலது கால். ("ரெண்டையும் சேத்து நிக்க வெச்சா முழுசா ஒரு ஆளு" என்று தெருவே சிரிக்கும். நாங்களும் சிரிப்போம், வேறென்ன செய்வது?) நிறம், ஜடை, குரல் எல்லாவற்றிலும் அவள் என்னைவிட ஒரு பிடி அதிகம். ஒன்றே ஒன்றில்தான் நான் முந்தினேன். சித்தூரில் நடந்த டாக்டர் கேம்ப்பில் எனக்கு ஊனம் அறுபது பர்சென்ட் என்று சர்டிபிகேட் கொடுத்தார்கள். அவளுக்கு நாற்பத்தைந்துதான். பென்ஷன் என்னவோ இரண்டு பேருக்கும் ஒன்றுதான். ஆனாலும் அறுபது அறுபதுதானே? கணக்குப் பரீட்சையில் வாங்காத மார்க்கைக் காலில் வாங்கிவிட்டேன்.

அந்த அறுபது சும்மா வரவில்லை. கேம்ப்புக்குப் போவதற்கென்று பென்ஷன் வீடுகளில் ஒரு முறை உண்டு. காலில் பூட்டும் கேலிப்பரை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும். தலை வாரக் கூடாது. இருப்பதிலேயே பழைய துணி. டாக்டர் எதைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: முடியாது. அம்மா முந்தின நாளே ஒத்திகை பார்ப்பாள்.

"படி ஏறுவியா?"

"முடியாது சார்."

"இன்னாடி, காய்கறிக்காரன்கிட்ட பேசற மாதிரி சொல்ற? கொரலு நடுங்கணும்."

செல்போன் எல்லார் கைக்கும் வரத் தொடங்கிய காலம். தெருப் பையன்களில் பாதிப் பேர் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். தடா பக்கம், ரேணிகுண்டா பக்கம் எல்லாம் புதுப்புதுக் கம்பெனிகள். அதில் ரேணிகுண்டாவில் சார்ஜர் செய்கிற ஒரு கம்பெனி, உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஊனமுற்ற பென்ஷன்காரர்களை எடுக்கப்போவதாகத் தகவல் வந்தது. எனக்குத் தூக்கம் போயிற்று. வீட்டு மூலையில் தறிக்கு நூல் தார் சுற்றிச் சுற்றியே கிழவியாகிவிடுவேன் என்று பயந்துகொண்டிருந்தவள் நான். காலை ரயில், கழுத்தில் தொங்கும் அட்டை, கையில் டிபன் டப்பா, இவ்வளவும் எனக்கு வேண்டும். அதைவிட முக்கியம், சரளாவுக்கு மட்டும் கிடைத்துவிடக் கூடாது.

நைனாதான் குட்டையைக் குழப்பினார். "இது பென்ஷன வெட்றதுக்கு கவர்மெண்டு போட்ட திட்டமோ இன்னாவோ. கேக்கறவங்க யாருன்னு நமக்குத் தெரியுமா? பாத்துப் பேசு."

நான் யோசித்தேன். (அந்த வயதில் நான் யோசித்தாலே ஆபத்துதான்.) வேலை ஊனமுற்றவர்களுக்கு. அப்படியென்றால் ஊனம் அதிகம் இருப்பவருக்குத்தானே முதல் மரியாதை? அறுபது இருக்க நாற்பத்தைந்தை எவன் கூப்பிடுவான்? பென்ஷனும் நிற்கும், வேலையும் கிடைக்கும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

இண்டர்வியூ அன்று கேலிப்பரை வீட்டில் விட்டேன். பரட்டைத் தலை, சாயம் போன பாவாடை. ஸ்டேஷனுக்கு வந்தால் அங்கே சரளா இஸ்திரி போட்ட சுடிதாரில், தலை நிறைய மல்லியோடு, கேலிப்பருக்குப் பாலிஷ் கூடப் போட்டுக்கொண்டு நிற்கிறாள். "அடிப் பைத்தியமே, கல்யாணத்துக்கா போற?" என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷம்.

என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். கண்ணாடி போட்ட இளைஞர் ஒருவர், தெலுங்குக்காரர், நன்றாகத் தமிழ் பேசினார்.

"எவ்வளவு நேரம் தொடர்ந்து உட்காருவீங்க?"

"பத்து நிமிஷம் சார். அதுக்கு மேல இடுப்பு புட்டுக்கும்."

"டிரே தூக்குவீங்களா?"

"கை நடுங்கும் சார்." (கைக்கு ஒரு கேடும் இல்லை. நாள் முழுக்கத் தார் சுற்றிய கை.)

சின்னச் சின்னப் பின்களை ஒரு பலகையில் சொருகச் சொன்னார். நான்கைக் கீழே போட்டேன். ஐந்தாவதைத் தவறிப்போய்ச் சரியாகச் சொருகிவிட்டதால், பிடுங்கி அதையும் போட்டேன்.

"கேண்டீன் மாடில இருக்கு. படி ஏற முடியுமா?"

குரலை நடுங்கவிட்டேன். "எங்க வீட்டு வாசப்படியே ரெண்டு பேரு புடிச்சாத்தான் சார்."

"பாபம்" என்று தலையை ஆட்டினார். சித்தூர் டாக்டரும் இப்படித்தான் தலையை ஆட்டிவிட்டு அறுபது போட்டார்! எனக்கு டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். வேலை கிடைத்தாயிற்று என்றே வெளியே வந்தேன்.

வந்தவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? சரளாவிடம் போய், "எல்லாத்துக்கும் முடியாதுன்னேன். அந்தாளுக்குக் கண்ணே கலங்கிப்போச்சு. துன்றதுக்கு பிஸ்கட்டு வேற குடுத்தாங்க" என்று அளந்தேன். அடுத்து அவளைக் கூப்பிட்டார்கள், உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. வெளியே வரும்போது அவள் கையில் ஆர்டர்.

அழுகையா ஆத்திரமா என்று தெரியவில்லை, இரண்டும் வந்தது. ரேணிகுண்டா ஜங்ஷனுக்கு வந்தால் எங்கள் ரயில் அடுத்த பிளாட்பாரத்தில் கிளம்பத் தயாராக நிற்கிறது. சரளா, "இரு கஜா, மெதுவா போலாம்" என்றாள். வேலை கிடைத்தவள் பேசுகிறாளாம்! அவள் பையையும் என் பையையும் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கையால் முட்டியை அழுத்தி, தாவித் தாவி மேம்பாலப் படியில் ஏறினேன். பெட்டி தூக்கிய இரண்டு ஆம்பளைகளை முந்தினேன். உச்சிப்படியில் ஒருவர் வழியை மறித்து நின்றார். அதே கண்ணாடிக்காரர். அவரும் ஊருக்குக் கிளம்பியிருந்தார்.

"ஏமம்மா, மெட்லு எக்கலேனன்னாவு கதா?"

படி ஏற முடியாது என்றாயே என்கிறார். பதறிப்போய் உடனே நொண்டினேன். அவசரத்தில் நல்ல காலையும் சேர்த்து நொண்டினேன். அந்த ஆள் பாலத்திலேயே உட்கார்ந்து சிரித்தார். மூச்சிரைக்க மேலே வந்த சரளா, "சார், தெருவுல தண்ணி லாரி வந்தா இவதான் சார் மொத ஆளா ஓடுவா" என்று என் மானத்தில் மிச்சமிருந்ததையும் வாங்கினாள். "அடுத்த தடவை தலை வாரிட்டு வாங்க" என்றார் அவர்.

அடுத்த தடவை வர ஆறு மாதம் ஆயிற்று. அந்த ஆறு மாதமும் சரளா பால் வாங்கப் போகும்போதுகூட அந்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனாள். பார்த்துப் பார்த்து வெந்தேன். பிறகு நானும் சேர்ந்தேன், பத்து நிமிஷமல்ல, ஷிப்டு முழுக்க உட்கார்ந்தேன். ஆனால் ஆறு மாத சீனியர் சீனியர்தான். கடைசிவரை என் லைனுக்கு அவள்தான் லீடர்.

வீட்டில் இன்றைக்கும் யாரிடம் எந்த வேலை சொன்னாலும் "இடுப்பு புட்டுக்கும் சார்" என்பதுதான் பதில். போன மாதம் என் மகள் இண்டர்வியூவுக்குப் பெங்களூர் கிளம்பினாள். சரளா திருநீறு பூசிவிட்டு, "உங்கம்மா மாதிரி பேசி வெக்காதே" என்றாள். மகள் கேட்டாள், "நீ மட்டும் எப்படி அத்தை அன்னிக்கு எல்லாம் முடியும்னு சொன்னே?"

"பூ வெச்சுக்கினு போனாலும், பென்ஷன் போயிடுமோன்னு நானும் முடியாதுன்னு சொல்லத்தான் போனேன். உங்கம்மா வெளிய வந்து பீத்திக்கினு நின்னாளா, முடியாதுல இவள ஜெயிக்க முடியாது, இவ அறுபதாச்சேன்னு வயிறு எரிஞ்சுது. அந்த எரிச்சல்ல போயி எல்லாம் முடியும்னுட்டேன்."

இத்தனை வருஷமும் நான் ஒருத்திதான் எரிந்துகொண்டிருந்தேன் என்று நினைத்திருந்தேன். என் வயிறு அன்றைக்குத்தான் குளிர்ந்தது. மகளை வண்டியேற்றிவிட்ட கையோடு பழைய சர்டிபிகேட்டைத் தேடி எடுத்து, அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, எதிர்வீட்டுக்குத் தெரிகிற மாதிரி வாசலுக்கு நேரே சுவரில் மாட்டினேன்.

மறுநாள் காலை சரளா வந்தாள். அறுபதைப் பார்த்தாள். பிறகு அதற்கு மேலே இருந்த ஆணியைப் பார்த்தாள்.

"ஏம்மே, அவ்ளோ ஒயரத்துல ஆணி அடிக்க ஸ்டூல் மேல யாரு ஏறினது?"