'இருக்கட்டும்' அண்ணன் அழித்த ஏழு படங்கள்

சேர்வராயன் மலையின் பனிமூட்டத்தைக்கூட மடித்து ஃபைலில் வைத்துவிடக்கூடிய ஒரே ஆள் எங்கள் 'இருக்கட்டும்' அண்ணன்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற முக்கில், ஒரு மாடியில் இயங்கிய வக்கீல் ஆபீசில் அவர் குமாஸ்தா, நான் ஜூனியர். எதைத் தூக்கிப் போடச் சொன்னாலும், "இருக்கட்டுமுங்க, ஒரு ஓரமா" என்பார். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர்.

எங்கள் ஊர் ஈரத்தில் காகிதத்துக்கும் பூசணம் பிடிக்கும். அதனால் கேஸ் கட்டுகளை எல்லாம் ஸ்கேன் செய்து கிளவுடில் ஏற்றச் சொன்னார் சீனியர். அண்ணன் ஏற்றினார். எழுத்தே இல்லாத பின்பக்கங்களை ஏற்றினார். கட்டைச் சுற்றியிருந்த பழைய செய்தித்தாளையும் விடவில்லை. போதாததற்குத் தன் போனிலும் பக்கத்துக்கு ஏழு படம் எடுப்பார். ஒன்று ஆடினாலும் ஆறு இருக்குமாம். அவையும் கிளவுடுக்குப் போகும். ஒரு பாகப்பிரிவினை வழக்கில் மூன்று பக்கப் பத்திரம் இருபத்தொரு படமாக நின்றது. இருபத்திரண்டாவது படத்தில் சீனியரின் டிபன் பாக்ஸ் திறந்து கிடந்தது.

"யோவ், என் தயிர்சாதம் எந்தக் கேஸ்ல எக்சிபிட்?"

"இருக்கட்டுமுங்க சார். அன்னிக்கு நீங்க ஆபீஸ்லதான் இருந்தீங்களான்னு நாளைக்கு யாராச்சும் கேட்டா?"

மாதாமாதம் கிளவுட் வாடகை ஏறியது. சீனியருக்கு ரத்தக் கொதிப்பும் கூடவே ஏறியது.

ஆனால் முதலில் ஒழிந்தது காகிதம்தான். முடிந்த கேஸ்களின் கட்டுகளை எரிக்கப் போகிறோம், அசலை வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று கட்சிக்காரர்களுக்குத் தபால் போட்டோம். பாதிப் பேர் வாங்கவில்லை. கூரை ஒழுகும் வீட்டில் வைப்பதைவிட வக்கீலிடமே விட்டுவைப்பதுதான் மலையில் வழக்கம்.

கொட்டச்சேட்டிலிருந்து ராசம்மா வந்தார். காபி எஸ்டேட் தொழிலாளி. மரம் விழுந்து கணவர் செத்தபோது எஸ்டேட்டின் மேல் வழக்குப் போட்டவர். உயிருள்ளவரை எஸ்டேட் தொழிலாளர்களுக்கான லைன் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம் என்று அன்றைய முதலாளி கடிதம் எழுதித் தந்ததும், வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டார். கோர்ட்டில் தாக்கல் ஆகாமல் எங்கள் கேஸ் கட்டோடு தங்கிவிட்ட கடிதம் அது.

"லைன் ஊட்டுல வச்சா பூசணம் புடிச்சிருமுங்கண்ணா. உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, வெறுங்கையோடு பஸ் ஏறினார். அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை.

அண்ணன் லீவில் இருந்த ஒரு மார்கழிக் காலையில், சீனியர் அலமாரியையே காலி செய்யச் சொன்னார். மொட்டை மாடியில் எரித்தோம். நானும் கை நீட்டிக் குளிர்காய்ந்தேன். இதமாகத்தான் இருந்தது. மறுநாள் அண்ணன் சாம்பலைப் பார்த்தார். உள்ளே போய், கிளவுடில் எல்லாம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்.

இரண்டு வருடம் கழித்துக் கிளவுடின் முறை வந்தது. முடிந்து ஐந்து வருடமான கேஸ்களை அழிக்க வேண்டும். அண்ணன் மாட்டேன் என்றார்.

"அழிக்க ஒரு நிமிசமுங்க சார். அப்பறம் எங்கீங்க போய்த் தேடறது?"

"நீ இருக்கற வரைக்கும் இந்த பில் குறையாதுய்யா" என்று சீனியர் அவரை வேலையை விட்டே நிறுத்தினார். கட்சிக்காரர் ரகசியம் வெளியே போகக்கூடாது என்று, போனில் இருந்த படங்களையும் அழிக்கச் சொன்னார். என் கண்ணெதிரே அண்ணன் அழித்தார். ராசம்மாவின் கடிதம் வந்ததும் விரல் நின்றது. ஏழு படம். என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அழித்துவிட்டார்.

கிளவுடை அழிக்கும் வேலை எனக்கு வந்தது. அழிக்கவேண்டிய கேஸ்களின் பட்டியலில் ஒரு கட்டம்: 'காகிதம் ஆபீசில் உள்ளதா?' டீ ஆறுவதற்குள் முடித்துவிடும் அவசரத்தில், அலமாரியைத் திறந்துகூடப் பார்க்காமல், மேலிருந்து கீழ்வரை 'உள்ளது' என்று டிக் அடித்தேன். அந்த நெருப்பில் குளிர்காய்ந்த அதே கைதான்.

எஸ்டேட் கைமாறியது. லைன் வீடுகளை இடித்துக் காட்டேஜ் கட்டப் போவதாக நோட்டீஸ் வந்தது. அதோடு ராசம்மா வந்து நின்றார்.

"என்ற கடுதாசியக் குடுங்க சார்."

அலமாரி காலி. கிளவுட் காலி. கிளவுடின் குப்பைத்தொட்டியும் முப்பது நாளில் தானாகக் காலியாகியிருந்தது. அண்ணன் குடியிருந்த செம்மநத்தத்துக்கு ஓடினேன். அண்ணன் அந்தக் கடிதத்தை வரி பிசகாமல் ஒப்பித்தார், மூன்றாவது வரியில் மை கொட்டியிருந்தது வரை.

வீட்டுக்காக ராசம்மா போட்ட வழக்கில், கோர்ட்டிலும் ஒப்பித்தார். வேலை போன ஆத்திரத்தில் ஜோடிக்கிறார் என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். நானும் கூண்டேறி, அழித்தவன் நான்தான் என்றேன். "அந்தக் கடிதத்தை நீங்கள் படித்ததுண்டா?" என்று கேட்டார்கள். இல்லை. நான் ஒருநாளும் படித்ததில்லை. வழக்குத் தோற்றது, ராசம்மாவின் வீடு போயிற்று.

ராசம்மாவிடம் மன்னிப்புக் கேட்க மறுபடி செம்மநத்தம் போனேன், அவர் இருக்குமிடம் அண்ணனுக்குத் தெரிந்திருக்கும் என்று. அண்ணனுடையது இரண்டே அறை. அதில் ஒன்றில் ராசம்மாவின் டிரங்குப் பெட்டி, பாய், இரண்டு கோழி. ராசம்மா எனக்கு டீ கொடுத்தார். முகம் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"உங்களுக்கே இடம் பத்தாதேங்கண்ணா?"

"இருக்கட்டுமுங்க தம்பி சார்" என்றார் அண்ணன். "ஒரு ஓரமா."

கிளம்பும்போது அவரை ஒரு படம் எடுத்தேன்.

"ஒண்ணு போதுமாங்க? ஆடிருச்சுன்னா?"

ஏழு எடுத்தேன். இடம் நிரம்பிவிட்டது, காசு கட்டு என்று போன் மாதாமாதம் மிரட்டுகிறது. கட்டிக்கொண்டிருக்கிறேன்.