மெட்டில்டாவுக்கு ஒரு செட்

பொய்யே சொல்லாமல் பெண்டாட்டியை ஏமாற்றலாம் என்று நான் கண்டுபிடித்தது 1971-இல். அதற்குத் துணை நின்றது ஒரு சின்ன இங்கிலீஷ் வார்த்தை. செட்.

மச்சினி பிலோமிக்குப் பெரியதாழையில் நிச்சயதார்த்தம் வைத்திருந்தார்கள். அங்கே போட்டுக்கொண்டு போக மெட்டில்டாவுக்கு முத்து செட் வேண்டும். மாலை, கம்மல், மோதிரம். எனக்கு வேண்டியது ரேடியோ செட். நம் ஆட்கள் இங்கிலாந்தில் டெஸ்ட் மேட்ச் ஆடிக்கொண்டிருந்தார்கள். நானோ டீக்கடை வாசலில் நின்று ஸ்கோர் கேட்டுக்கொண்டிருந்தேன். கப்பல் ஏஜென்ட் ஆபீசில் இங்கிலீஷில் கடிதம் எழுதுகிற இந்த இஞ்ஞாசிக்கு இது கௌரவமா?

வரப்போகிற போனஸில் ஒரு செட்தான் வாங்க முடியும். மாமியார் வந்திருந்த அன்று, தாயும் மகளும் கேட்கும்படி தொண்டையைச் செருமிக்கொண்டு, போனஸ் வந்ததும் செட் வாங்கிவிடுகிறேன் என்று அறிவித்தேன். என்ன செட் என்று நான் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை. அன்று சீலா மீன் குழம்பு. நடுத்துண்டு என் தட்டில் விழுந்தது. முத்துக்காக விழுந்த மீனை ரேடியோவுக்காகத் தின்றேன்.

போனஸ் வந்த அன்று சைக்கிள் ரிக்‌ஷாவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினேன். அவ்வளவு பெரிய பெட்டியைப் பார்த்து மெட்டில்டா ஒரு கணம் பூரித்துப் போனாள், பாவம். பிரித்தேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும், ஒரு வாரமாகத் தயாரித்து வைத்திருந்த பிரசங்கத்தை ஆரம்பித்தேன்.

"ஏளா, இங்கிலீஷ் பொல்லாத பாஷை. ரேடியோவும் செட்டுதான். கப்பும் சாசரும் சேந்தா செட்டு. சூரியன் அடைஞ்சா செட்டு. தயிர் உறைஞ்சா செட்டு. உங்க அம்மா தண்ணியில போட்டு வைக்காவளே பல்லு, அதுவும் செட்டுதான்."

அழுவாள் என்று நினைத்தேன். ஏலம் போடுகிற இடத்தில் மீனைப் பார்க்கிற மாதிரி ரேடியோவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"அப்ப எல்லாம் ஒண்ணுதான்னு சொல்லுதிய."

"எல்லாம் ஒண்ணுதான்."

"செட்டுக்குச் செட்டு வித்தியாசம் கெடையாது?"

"இங்கிலீஷ்ல கெடையாது."

சரி என்று சொல்லிவிட்டு, ரேடியோவுக்கு ஒரு பூ வேலை செய்த துணி விரித்துக் கொடுத்தாள். இவ்வளவு சுலபமா என்று எனக்கே என் மூளையின் மேல் ஒரு மரியாதை வந்தது.

தொல்லை வேறு பக்கத்திலிருந்து வந்தது. மூன்றாவது வீட்டு ரோச் அண்ணாச்சி முத்து வியாபாரி. கடைசியாக நடந்த முத்துக்குளிப்பில் வாங்கிய முத்துகளில் நல்லவற்றை நகையாகச் செய்து வைத்து, நல்ல கிராக்கி வரட்டும் என்று காத்திருப்பவர். எங்கள் வீட்டில் சிலோன் ரேடியோ பாட்டு கேட்டதும் நாற்காலியோடு வந்து உட்கார்ந்தார். மறுநாளும் வந்தார். பிறகு தினமும். நான் கமென்ட்ரிக்குத் திருப்பினால் அவர் பாட்டுக்குத் திருப்புவார். அவருடைய மனைவி பிளாரன்ஸுக்குச் சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போயிற்று.

ஒருநாள் காலையில் மெட்டில்டாவிடம் சொன்னேன். "அந்த ஆளு இனிமே இங்கன வரக்கூடாது. என்ன செய்வியோ, செய்யி."

"என்ன வேணும்னாலும் செய்யலாமா?"

"செய்யி."

அடுத்த வாரம் கடைசி டெஸ்டின் கடைசி நாள். நாம் ஜெயிக்கிற மாதிரி இருந்தது. ஆபீசில் வயிற்று வலி என்று சொல்லிவிட்டு ஓடி வந்தேன். வீட்டில் ரோச் அண்ணாச்சியைக் காணோம். சந்தோஷப்பட்டேன். ரேடியோவையும் காணோம். பூ வேலைத் துணி மட்டும் இருந்தது.

மெட்டில்டா கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கழுத்தில் முத்து மாலை, காதில் கம்மல், விரலில் மோதிரம்.

"ஏளா, செட்டு எங்க?"

"போட்டிருக்கேன்."

அண்ணாச்சி இனி வர மாட்டார், அவருக்கு இங்கே வேலை இல்லை என்றாள். பிளாரன்ஸுக்குப் புருஷன் வீட்டில் இருந்தால் போதும். இரும்புப் பெட்டியைத் திறந்து அவளே முத்து செட்டை எடுத்துக் கொடுத்தாளாம். அண்ணாச்சியின் கை அதற்குள் ரேடியோவின் மேல் இருந்ததாம்.

நான் கத்துவதற்காக மூச்சை இழுத்தேன்.

"செட்டைக் குடுத்து செட்டை வாங்கியிருக்கேன். வித்தியாசம் கெடையாதுன்னு நீங்கதான் சொன்னிய."

இழுத்த மூச்சை அப்படியே வெளியே விட்டேன். பிறகு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது வீட்டுக்கு நடந்தேன். அண்ணாச்சி பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பிளாரன்ஸ் எனக்காக இரக்கப்பட்டுக் கமென்ட்ரிக்குத் திருப்பிவிட்டாள். நாம் ஜெயித்ததை என்னுடைய ரேடியோவில், அடுத்தவர் வீட்டில் கேட்டேன். ஜெயித்த சந்தோஷத்தில் ரேடியோ யாருடையது என்பது கொஞ்ச நேரம் மறந்துகூடப் போயிற்று.

பெரியதாழையில் மெட்டில்டாவைச் சுற்றிப் பெண்கள் கூட்டம். உள்ளதைச் சொன்னால், முத்து அவளுக்கு நன்றாகத்தான் இருந்தது. மாப்பிள்ளை சொன்ன சொல் தவறாதவர் என்று மாமியார் ஊர் கேட்கச் சொன்னார். நானும் தலையைக் குனிந்து அடக்கமாக ஏற்றுக்கொண்டேன்.

அப்போது பிலோமி ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தான், கல்யாணத்துக்கு எனக்கும் ஒரு செட்டு வாங்கித் தாறியளாமே. அக்கா இப்பதான் எல்லார்ட்டயும் சொன்னா."

மெட்டில்டாவை ஓரமாக இழுத்துக்கொண்டு போய், எந்தச் செட்டு என்று கேட்டேன்.

"அத நெனச்சு நீங்க ஏன் சங்கடப்படுதிய?" என்றாள். "என்ன செட்டுன்னு நானும் சொல்லல, அவளும் கேக்கல. இந்தத் தடவ கடைக்கு நான் போறேன்."