எங்கள் மலைக்குச் சிக்னல் எட்டாது என்று எழுதிவிடு

அன்புத் தங்கை நுஸ்ஹாவுக்கு அக்கா ரபிஹா ஸலாம் சொல்லி எழுதுவது. தலைநகர் ரபாத்தில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். இங்கே ஆடுகள் சுகம், ஆலிவ் மரங்கள் சுகம், பக்கத்து வீட்டுக்காரர்களும் சுகம். நான் மட்டும் சுகமில்லை, அதற்குக் காரணம் நீ.

போனிலேயே சொல்லலாமே என்பாய். அந்தச் சனியனைக் கையில் எடுத்தாலே எனக்குப் படபடப்பு வருகிறது, அதனால்தான் காகிதத்தில் எழுதி பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். முதியோர் கல்வி டீச்சர்களுக்கு இணையப் பயிற்சி என்று வந்து எங்களை உட்காரவைத்து, "இது ஒண்ணுமே இல்லக்கா, ஒரு பட்டனை அமுக்கினா உலகமே உன் வகுப்புக்குள்ள வந்து நிக்கும்"னு சொல்லிட்டு, பள்ளிவாசலை ஒட்டிய அறையில் ஒரு கணினியையும் கண் சிமிட்டும் இணையப் பெட்டியையும் மாட்டிவிட்டுப் போனாயே, உலகம் வந்து நின்றுவிட்டதடி, எனக்குத்தான் நிற்க இடமில்லை. இந்த மாதக் கடைசிக்குள் இணையம் வழியாக ஒரு பாடமாவது நடத்திக் காட்டாத வகுப்புகளை மூடி, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நகர மையத்தோடு சேர்த்துவிடுவார்களாம். கண்காணிப்பாளர் ஸி ஹம்மு வந்து, எலுமிச்சம்பழத்தைக் கடித்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனார். நகரத்துக்கு என் வகுப்புப் பெண்கள் எப்படிப் போவார்கள்? ரொட்டி சுடுவது யார், ஆட்டை ஓட்டுவது யார், புருஷன்மார்களிடம் கேட்பது யார்? வகுப்பை மூடினால் அவர்கள் படிப்பும் அன்றோடு முடிந்தது. அந்தப் பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சரி, பயந்துகொண்டே ஆரம்பித்தேன். முதலில் தேடுவது எப்படி என்று காட்டினேன். "என்ன வேணுமோ எழுத்துக்கூட்டி எழுதுங்க, பதில் வரும்" என்றேன். யம்னா இருக்கிறாளே, கோழி விற்பவள், அவள் மைக் படத்தைக் கண்டுபிடித்து அமுக்கி, "என் மருமக வேலை செய்யாம படுத்தே கெடக்கா, என்ன மருந்து?"ன்னு கத்தினாள். அந்த மெஷினும் மரியாதையாகப் பதில் சொல்லித் தொலைத்தது! அவ்வளவுதான், மொத்த வகுப்பும் பேனாவைக் கீழே வைத்துவிட்டது. "லல்லா ரபிஹா, டீச்சரம்மா, அதுக்குத்தான் காது கேக்குதே, நான் எதுக்கு விரல் நோக எழுதணும்?" என்கிறாள். எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்க வந்த மெஷின், எழுதவே வேண்டாம்னு சொல்லிக்கொடுக்குது. வாட்ஸ்அப்பில் குழு தொடங்கி, தினம் ஒரே ஒரு வார்த்தையாவது எழுதி அனுப்புங்கள் என்று கெஞ்சினேன். வருவதெல்லாம் குரல். ஹத்தா ஒரு வார்த்தைக்குப் பதிலாக அரை மணி நேரம் பேசி அனுப்புகிறாள், நடுவில் சேவல் கூவுகிறது, பேரன் அழுகிறான், அவனை அடிக்கிறாள், மறுபடி பேசுகிறாள்.

நேற்று நடந்தது அதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. கடற்கரைப் பக்கத்து வகுப்போடு வீடியோவில் சேர்ந்து பாடம் படிக்கலாம் என்று நீதானே யோசனை கொடுத்தாய்? ஸி ஹம்முவும் பார்க்க வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்குப் புது மனுஷர் வருகிறார்கள் என்று என் பெண்கள் எல்லோரும் கல்யாணத்துக்குப் போவதுபோல கஃப்தான் உடுத்தி, கண்ணுக்கு மையிட்டு வந்திருந்தார்கள். ஹத்தா புதினாத் தேநீரும் எண்ணெய் மினுங்கும் மஸம்மன் ரொட்டியும் கொண்டுவந்து கணினிக்கு முன்னால் பரப்பி, முதல் கிளாஸை உயரத்திலிருந்து நுரை பொங்க ஊற்றித் திரைக்கு நேராக வைத்தாள்.

"அடியே, அவங்க எப்படிக் குடிப்பாங்க?" என்றேன்.

"குடிக்கிறதும் குடிக்காததும் அவங்க பாடு. வைக்காம இருந்தா நாளைக்குப் பேச்சு யாருக்கு?" என்றாள்.

அதாவது போகட்டும். அதன்பிறகு சலாம் ஆரம்பித்தது. நம் ஊர்ச் சலாம் உனக்குத் தெரியாததா? நீ சுகமா, வீட்டுக்காரர் சுகமா, பிள்ளைகள் சுகமா, பசு சுகமா, மழை உண்டா என்று கேட்டு, அல்ஹம்துலில்லாஹ் சொல்லி முடித்து, அதே கேள்விகளை அவர்கள் திருப்பிக் கேட்க வேண்டும். மொத்தமாக ஒரு சலாம் சொல்லி உட்காருங்கள் என்றால், "நாங்க என்ன வளர்ப்பு இல்லாதவளுங்களா?" என்று என்மேல் பாய்கிறார்கள். இங்கே இருக்கும் ஒவ்வொருத்தியும் அங்கே இருக்கும் ஒவ்வொருத்தியையும் கேட்டாள். அங்கே ஒருத்தி, அம்மா மௌத்தாகிவிட்டாள் என்று சொல்லிவிட்டாள். போச்சா, எல்லோரும் வரிசையாக அழுது ஆறுதல் சொன்னார்கள், ஸி ஹம்முவே எழுந்து கை ஏந்தி துஆ ஓதினார். எல்லாம் முடிந்து, "சரி, புத்தகத்தைத் திறங்க" என்று நான் வாயைத் திறந்தேன், டேட்டா தீர்ந்து திரை கறுப்பாகிவிட்டது. ஸி ஹம்மு மஸம்மனைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, "இணையம் நடந்தது, பாடம் நடக்கவில்லை" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பெட்டியைக் கிணற்றில் போட்டிருப்பேன்.

அதனால் தங்கச்சி, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். 'அந்த மலைக்குச் சிக்னல் எட்டாது, அங்கே இணையம் சரிப்படாது' என்று ரபாத்தில் உன் கல்வி ஆபீசிலிருந்து ஒரு வரி எழுதிவிடு. பொய்தான், பாவம் என் கணக்கில் இருக்கட்டும். இதுகள் இந்த ஜென்மத்தில் போனில் ஒரு வரி வாசிக்கப் போவதில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடு, வகுப்பை மட்டும் விட்டுவை. எனக்கு என் கரும்பலகை போதும். உன் பிள்ளைகளுக்கு என் முத்தங்கள், மாமியாருக்கு என் ஸலாம், உன் வீட்டில் பரக்கத்து குறையாமல் இருக்க துஆக்கள்.

உன்னால் நிம்மதி இழந்த அக்கா,
ரபிஹா

பின்குறிப்பு: நுஸ்ஹா, அந்த வரியை எழுதாதே! எழுதிவிடாதே! கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு ஊர்ப் பொது அடுப்புக் கூடத்துக்கு ரொட்டி வாங்கப் போனேன். அந்த நேரம் பக்கத்து வீட்டு இத்தோ, என் மாணவிதான், ஈஸ்ட் கடன் கேட்க வந்திருக்கிறாள். 'கையால் எழுதின எதையாவது படம் பிடித்துக் குழுவில் போடுங்கள், எல்லோரும் வாசிக்க வேண்டும்' என்று வீட்டுப்பாடம் கொடுத்திருந்தேன். என்னத்தைச் செய்யப்போகிறார்கள் என்று நானே மறந்துவிட்டேன். அவள் மறக்கவில்லை. மூன்று பக்கத்தையும் படம் பிடித்துப் போட்டுவிட்டாள்!

திரும்பி வந்தால் போன் மேஜையில் துள்ளுகிறது. ஒரு குரல்கூட இல்லையடி, எல்லாம் எழுத்து! வரிக்கு வரி தப்பு, ஆனால் எழுத்து! ஹத்தா எழுதியிருக்கிறாள்: "என் டீயைக் கிண்டல் பண்றியா? இனிமே உனக்கு ஊத்த மாட்டேன்." யம்னா: "என் மருமக கதை ரபாத் வரைக்கும் போகணுமா?" வகுப்பில் வாயே திறக்காத தூதா எழுதியிருக்கிறாள்: "சிக்னல் இருக்கு. பொய் எழுதாதீங்க. மலைக்கு அந்தப் பக்கம்னா என் வீட்டுல விட மாட்டாங்க." அதைப் படித்து உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

குழுவில் ஸி ஹம்முவும் இருக்கிறார் என்பது அப்புறம்தான் உறைத்தது. அவரும் எழுதியிருந்தார்: "எல்லோரும் வாசிக்கிறார்கள். பாடம் நடந்தது என்று பதிவு செய்துவிட்டேன். வகுப்பு மூடப்படாது. எலுமிச்சம்பழம் பற்றி நேரில் பேசுவோம்."

பெட்டி இங்கேயே இருக்கட்டும். ஆனால் இந்தப் பக்கத்தை நான் நிம்மதியாக எழுத முடியவில்லை. "நாலாம் பக்கம் எங்கே?" என்று எல்லோரும் எழுதிக் கேட்கிறார்களாம், இத்தோ போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் தோளுக்குப் பின்னாலேயே நிற்கிறாள்.