பன்னிரண்டு விசேட பிள்ளைகள் தேவை

அரசாங்கம் எந்தப் பிள்ளையையும் கைவிடாது. கைவிட நேர்ந்தால் அதை முன்கூட்டியே மூன்று பிரதிகளில் அறிவிக்கும். எங்கள் ஊர்ப் பாடசாலைக்கு அப்படியோர் அறிவித்தல் தை மாதம் வந்து சேர்ந்தது.

விசேட தேவையுடைய பிள்ளைகளுக்கான அலகு ஒன்று அங்கே இருந்தது. புதுக் கட்டடம், இரண்டு மின்விசிறி, வட்ட மேசை, பயிற்சி பெற்ற ஆசிரியர், நாளுக்கொரு பால் பக்கற். இவ்வளவையும் அனுபவிக்க மதுரா என்ற ஒரே பிள்ளைதான் இருந்தாள். பத்து வயது. மற்றவர்கள் ஒரு நாளில் படிப்பதை அவள் ஒரு மாதத்தில் படிப்பாள், படித்ததை மறக்கமாட்டாள். ஊரில் இன்னும் ஏழெட்டுப் பிள்ளைகள் அப்படி இருந்தார்கள். ஆனால் அவர்களுக்குக் கலியாணம் பேச வேண்டிய அக்காமார் இருந்தபடியால், பெற்றோர் அவர்களை வெளியில் காட்டுவதில்லை.

பன்னிரண்டு பிள்ளைகள் இல்லாத அலகுக்கு நிதி நிறுத்தப்படும், அலகு மூடப்படும் என்பதே அறிவித்தலின் சாரம்.

மதுராவின் தாய் உதயகலா வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவர். செய்தி கேட்டதும் மண் காலோடு அதிபர் இராசசிங்கத்திடம் வந்தார்.

“மூடினால் என்ரை பிள்ளையை எங்கை விடுறது, சேர்? வீட்டிலை வைச்சுப் பூட்டிப்போட்டோ நான் தோட்டத்துக்குப் போறது?”

“பதறாதேங்கோ. இன்னும் பதினொரு பிள்ளை கிடைச்சால் சரி.”

“பதினொரு பிள்ளைக்கு நான் எங்கை போவன்?”

“நீங்கள் ஏன் போகவேணும்? அது நிருவாகத்தின்ரை வேலை.”

நிருவாகம் வேலை செய்தது. கல்விக் கந்தோரில் விசேட கல்விக்குப் பொறுப்பாக இருந்த குகதாசன் பழைய சுற்றறிக்கைகளைக் கிளறிப் பதினான்காம் பந்தியைக் கண்டெடுத்தார். அலகில் பதிந்த பிள்ளைகளுக்கு ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் அரை மணித்தியாலம் கூடுதலாகக் கொடுக்கலாம், வெட்டுப்புள்ளியும் குறைவு. பெற்றோர் கூட்டத்தில் அதிபர் அதை வாசித்தபோது, நித்திரையில் இருந்தவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

மறுநாள் காலை பாடசாலைப் படலை திறக்க முன்பே வங்கியில் வேலை செய்யும் சுதாகரன் வந்து நின்றார்.

“என்ரை மகளுக்கும் ஒரு குறைபாடு இருக்குது, சேர்.”

“தனுசியாவுக்கோ? அவள் போன தவணை தொண்ணூற்றெட்டு எடுத்தவளெல்லோ?”

“ஓம். மிச்சம் ரெண்டும் எங்கை போச்சுது? அதைத்தான் நானும் மனிசியும் இரவு பகலாத் தேடுறம்.”

அதிபர் யோசித்துப் பார்த்தார். தருக்கத்தில் பிழை தெரியவில்லை. ‘குறைபாட்டின் அளவு’ என்ற கட்டத்தில் ‘இரண்டு’ என்று எழுதிக் கையொப்பமிட்டார்.

அதற்குப் பிறகு ஊர் ஊராக இருக்கவில்லை. ரவுனில் ஒரு டொக்டர் வீட்டு வாசலில் விடியப்புறமே இலக்கம் எடுத்தார்கள். கோயில் வீதியில் தாய்மார், “எங்கடையவனுக்குக் கவனக் குறைவு நாற்பது வீதமாம்,” “எங்கடையவளுக்கு அறுபது,” என்று குரலை உயர்த்திக் கதைத்தார்கள். பிள்ளைக்கு ஏதாவது கண்டுபிடிபட வேண்டுமென்று ஒருவர் கீரிமலைத் தீர்த்தத்தில் முழுகி நேர்த்தி வைத்தார். ஒன்றுமில்லை என்று டொக்டர் கைவிரித்த தகப்பன் ஒருவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்தார். நின்றவர்கள் ஆறுதல் சொன்னார்கள். உண்மையாகவே தேவை இருந்த ஏழெட்டுப் பிள்ளைகளும் வீட்டிலேயே இருந்தார்கள். அவர்களுடைய கெட்டிக்காரத் தம்பி தங்கைகள்தான் பதிவானார்கள்.

மாசி முடிய, ஐந்தாம் வகுப்பு முழுவதும் எழும்பி அலகுக்குள் வந்துவிட்டது. மதுராவோடு நாற்பத்திரண்டு பேர். பால் பக்கற் போதாமல் போனது. மாதிரிப் பரீட்சை முடிவைப் பார்க்கக் குகதாசன் நேரில் வந்தார்.

“அருமை. நாற்பத்தொரு பிள்ளைகள் தொண்ணூறுக்கு மேலை. ஒண்டு மட்டும் பதினொரு புள்ளி. உது ஆர்?”

“மதுரா, சேர்.”

“உந்தப் பிள்ளை அலகின்ரை தரத்தைக் குழப்புது. விசேட அலகுக்குப் பொருத்தமில்லை.”

“அவளுக்காகத்தானே சேர் இது துவங்கினது?”

“அது ஆரம்ப நோக்கம். இப்ப நாங்கள் நோக்கத்தைத் தாண்டி அடைவு மட்டத்துக்கு வந்திட்டம்.”

மதுரா சாதாரண வகுப்புக்கு அனுப்பப்பட்டாள். அங்கே நாற்பத்தொரு கதிரைகளும் றெபேக்கா ரீச்சரும் இருந்தார்கள். வெறும் வகுப்புக்கு இரண்டு மாதமாக வரவுப் பதிவேடு எழுதிக்கொண்டிருந்த ரீச்சருக்கு ஒரு பிள்ளையைக் கண்டது பெரிய சந்தோசம். பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே எழுத்தை நாற்பது தரம் சொல்லிக் கொடுத்தார். அவசரப்படுத்த ஒருவரும் இல்லை. வைகாசியில் மதுரா தன் பெயரை முழுதாக எழுதினாள். ஆனியில் கடைப் பலகைகளை வாசித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

உதயகலா ஒரேயொரு பிழை விட்டார். சந்தோசத்தை அடக்க முடியாமல் தோட்டத்தில் வாய் திறந்துவிட்டார்.

“ரீச்சர் காலமை துவங்கி ஒண்டரை மணி வரைக்கும் இவளுக்கு மட்டும்தான் படிப்பிக்கிறா. இவள் ஒராள்தான் அங்கை.”

ஒரு ஆசிரியர், ஒரு பிள்ளை, கட்டணம் இல்லை. ரவுனில் பெரும் காசு கொடுத்தும் இடம் கிடைக்காத தனி வகுப்பு! பொழுதுபடுவதற்குள் செய்தி ஊரைச் சுற்றிவிட்டது. காலையில் படலையில் மோட்டார் சைக்கிள்கள் நிறைந்து நின்றன.

“என்ரை மகள் சாதாரணம், சேர்,” என்றார் சுதாகரன்.

“குறைபாடு எண்டு நீங்கள்தானே வந்து சொன்னனீங்கள்?”

“அந்தப் பதிவு அப்பிடியே கிடக்கட்டும். பரீட்சைக்கு விசேடம், படிப்புக்குச் சாதாரணம்.”

அதிபர் கந்தோருக்குத் தொலைபேசி எடுத்தார். குகதாசன் நடுநிலை தவறாதவர். சாதாரணம் என்று சொல்பவர்கள், ஏற்கெனவே வகுப்பில் இருப்பவர் உட்பட, அதற்கும் வைத்தியச் சான்று தர வேண்டும். இனிமேல் வகுப்புக்கு நாற்பது பேர்தான். சான்று முந்தியவர்களுக்கே இடம். அதே டொக்டர், அதே வாசல், அதே இலக்கம். இரண்டாம் நாளே முப்பத்தொன்பது கடிதங்கள் மேசைக்கு வந்துவிட்டன.

அதிபர் உதயகலாவைக் கூப்பிட்டார்.

“ஒரு இடம்தான் கிடக்குது, தங்கச்சி. மதுராவும் சாதாரணம் எண்டு ஒரு கடிதம் கொண்டு வாங்கோ. இல்லாட்டி என்னாலை ஒண்டும் செய்யேலாது.”

உதயகலா மேசைக்குக் கிட்ட வந்தார்.

“பத்து வருசமா நான் அதைத்தானே சேர் எல்லா வாசலிலையும் நிண்டு சொல்லுறன். ஒருத்தரும் எழுதித் தரேல்லை.”

அதை எழுத அதிபரின் படிவத்தில் கட்டம் இருக்கவில்லை. பின்னால் கோப்பும் கையுமாக நின்றவர்களில் ஒருவர் உதயகலாவின் தோளை மெல்லத் தட்டினார்.

“அக்கா, கடிதம் இல்லாட்டிக் கொஞ்சம் விலத்தி நில்லுங்கோ. இஞ்சை சாதாரண ஆக்கள் எவ்வளவு நேரமா நிக்கிறம்.”