வேலையை விட்ட காரணம்: இறந்துவிட்டார்

ஜார்ஜ்டவுனில் எழுபது வயதைத் தாண்டியவர்கள் இரண்டே பேருக்குத்தான் பயப்படுவார்கள். ஒருவர் எமன். இன்னொருவர் ஜாகாக்கா. எமனாவது ஒரே ஒரு தடவைதான் வருவான். ஜாகாக்கா காலையில் சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை, சாப்பாட்டுக்குப் பின் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை என்று மாத்திரையோடு வந்து நிற்பார்.

எங்கள் ஊரில் காவல்காரரை மலாய்ச் சொல்லால் ஜாகா என்போம். வங்கி வாசலில் நிற்பவர் ஜாகா, தொழிற்சாலை வாசலில் நிற்பவர் ஜாகா. இந்த அக்கா காவல் காத்தது படுத்த படுக்கையாகிவிட்ட பெரியவர்களை. அப்பாவையோ அம்மாவையோ எப்படிப் பார்த்துக்கொள்வது என்று பிள்ளைகள் கையைப் பிசையும்போது, "அந்த ஜாகாக்காவைக் கூப்பிடுங்கலா" என்று யாராவது சொல்வார்கள். ஒரு பையோடு வந்து அந்த வீட்டிலேயே தங்கிவிடுவார். அங்கே வேலை முடிந்தால் அதே பையோடு அடுத்த வீடு. நிஜப் பெயர் ஒரு மென்மையான பூவின் பெயர். அதை இங்கே எழுதினால் என்னை உதைப்பார்.

டத்தோ கிராமாட் சாலையில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே ஒரு கோப்பிக்கடை உண்டு. காலை வேளையில் அது ஓய்வுபெற்றவர்களின் நாடாளுமன்றம். தூரத்தில் அக்காவின் தலை தெரிந்தால் போதும், கெட்டிப்பால் ஊற்றிய கோப்பிகள் எல்லாம் தாமாகவே பக்கத்து மேசைக்கு நகரும். கூன் விழுந்த முதுகுகள் நிமிரும். அவர் பாட்டுக்குப் பாசாரிலிருந்து கீரைக்கட்டோடு நடந்து போவார். போகிற போக்கில், "யாருலா அது, சக்கரை வியாதிய வச்சுக்கிட்டு காயா ரொட்டி திங்கிறது?" என்று ஒரு கேள்வி. ஒரு நாள், இவரை முன்பின் பார்த்திராத ஒரு சீனத் தாத்தா, தமிழே தெரியாதவர், கடித்த இனிப்பு ரொட்டியை வாயிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்துவிட்டார்.

இப்பேர்ப்பட்ட அக்கா, சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமை காலையில் எங்கள் வீட்டு வாசலில் முகம் வாடி நின்றார். அவர் பார்த்துக்கொண்ட கடைசிப் பாட்டி காலமாகி, பிள்ளைகள் வீட்டை விற்றுவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் அக்கா தன் அறையைக் காலி செய்ய வேண்டும். நிபோங் திபாலில் இருக்கும் சொந்த அண்ணன், "எங்ககூட வந்து இருந்துக்கோ" என்று அழைத்திருந்தார்.

"நல்லதுதானே அக்கா?" என்றேன்.

"என்னா நல்லது? அங்க அண்ணியோட அம்மா படுக்கையில கெடக்கு. பேரப்புள்ளைங்க மூணு. அங்க போனா நான் விருந்தாளியா தம்பி? பேரு மட்டும் அத்தை, செய்யுறது பூரா வேலைக்காரி வேலை. செத்தாலும் அங்க போவமாட்டேன்."

தஞ்சோங் பூங்கா பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர் வேலை காலி இருந்தது. தங்குவதற்கு அறையும் தருகிறார்கள். ஆனால் ரெசுமே கேட்டிருந்தார்கள். இத்தனை வருடத்தில் அக்காவிடம் அப்படி ஒன்றை யாரும் கேட்டதில்லை. அதனால் என்னைத் தேடி வந்திருந்தார்.

சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறார் என்று எனக்குள் ஒரு பெருமை. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் ஆள்சேர்ப்புப் பிரிவில் முப்பது வருடம் கிளார்க்காகக் குப்பை கொட்டியவன் நான். எத்தனையோ ஆயிரம் ரெசுமேக்களைப் படித்து, அதில் பாதியைக் கிடப்பில் போட்டவன். இணையத்திலிருந்து அழகான ஒரு மாதிரிப் படிவத்தை இறக்கி, கணினி முன் சட்டமாக உட்கார்ந்தேன்.

"முதல்ல நோக்கம்னு ஒண்ணு எழுதணும் அக்கா. எதுக்காக இந்த வேலைக்கு வர்றீங்க?"

"தங்குறதுக்கு எடமில்ல."

"அத அப்படியே எழுத முடியாதுலா. 'சவால் மிக்க சூழலில் எனது திறன்களை வளர்த்துக்கொள்ள விரும்புகிறேன்', இப்படி எழுதணும்."

அக்கா யோசித்தார். "எழுவது கிலோ ஆளப் பொரட்டிக் கழுவுறது சவால்தான் தம்பி. ஆனா அதுல எனக்கு வளந்தது இடுப்புவலி மட்டுந்தான்."

"சரி, பொழுதுபோக்கு?"

"தூக்கம். கெடைச்சா."

"உங்க பலவீனம் என்ன?"

"வீட்டு கிராண்ட் பத்திரம் எங்க இருக்குன்னு கேக்குறதுக்காகவே அப்பாவைப் பாக்க வர்ற மகனுங்களக் கண்டா, என் வாய் சும்மா இருக்காது."

நான் 'வாசிப்பு, தோட்டக்கலை' என்றும், 'சில சமயம் கடமையில் மிகையான ஈடுபாடு' என்றும் தட்டச்சு செய்துகொண்டேன்.

தெரிந்த மொழிகள் என்று வந்தபோது, தமிழும் மலாயும் சரளம் என்றார். ஹொக்கியன் சீனமும் தெரியுமாம். பூலாவ் தீக்கூஸில் ஒரு சீனத் தவுக்கேவை, அதாவது முதலாளியை, நான்கு வருடம் பார்த்துக்கொண்டபோது கற்றது. என்ன சிக்கல் என்றால், அந்த மொழியில் அவருக்குத் தெரிந்தது கட்டளைகள் மட்டுமே. திரும்பு, விழுங்கு, துப்பாதே, வாயைத் திற. பாசாரில் ஒரு தடவை மீன்காரரிடம் தன் ஹொக்கியனில் பேசப் போக, அந்த மனிதர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நாக்கை நீட்டிக் காட்டினாராம்.

"ஆளைத் தூக்கி உட்கார வைக்கத் தெரியும்னு எழுதலாமா?" என்றுதான் கேட்டேன். அடுத்த நொடி என் அக்குளில் இரண்டு கைகள் நுழைந்தன. எண்பத்தைந்து கிலோ எடையுள்ள நான் நாற்காலியிலிருந்து கிளம்பி, காற்றில் அரை வட்டம் அடித்து, சோபாவில் போய் அமர்ந்தேன். மூக்குக்கண்ணாடிகூட நழுவவில்லை. அடுப்படியிலிருந்து ஓடிவந்த என் மனைவி, "அக்கா, இன்னொரு தடவ செய்ங்க, போன்ல எடுத்துக்கிறேன்" என்றாள். இன்னொரு தடவை செய்தார். அந்தக் காணொளி என் சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் இருக்கிறது.

அனுபவப் பகுதிக்கு வந்ததும்தான் சங்கடம் ஆரம்பமானது. எங்கே வேலை, எப்போதிலிருந்து எப்போதுவரை, வேலையை விட்ட காரணம் என்று மூன்று கட்டங்கள். மொத்தம் ஏழு வீடுகள்.

"தவுக்கே வீட்ட விட்டு ஏன் வந்தீங்க?"

"அவரு செத்துட்டாரு."

"கெளுவாய் சாலைப் பாட்டி வீடு?"

"அவங்களும் செத்துட்டாங்க."

"ஜெலுத்தோங் வீடு?"

"செத்துட்டாரு தம்பி. நல்ல மனுசன். சாவுற அன்னைக்குக்கூட என்னைய பசியாறிட்டு வரச் சொன்னாரு."

ஆறு வீட்டுக்கும் ஒரே பதில். மிச்சமிருந்த ஒரு வீடு ஒரு தலைமையாசிரியருடையது. வாதம் வந்து விழுந்தவரை அக்கா விரட்டி விரட்டி நடக்க வைத்துவிட்டார். நடக்க ஆரம்பித்ததும் அவர் செய்த முதல் காரியம், வாசல்வரை நடந்து வந்து அக்காவை வேலையைவிட்டு அனுப்பியது.

கணினித் திரையைப் பார்த்தேன். 'இறந்துவிட்டார்' என்று வரிசையாக ஆறு. இதைப் பார்த்தால் எந்த முதியோர் இல்லம் வாசற்கதவைத் திறக்கும்? "அக்கா, இதை 'ஒப்பந்தம் முடிந்தது'னு மாத்திடலாம்" என்றேன்.

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒப்பந்தம் முடிஞ்சுதா? வீடா கட்டிக் குடுத்தேன்? அவங்க செத்துப்போனாங்க தம்பி. என் கையப் புடிச்சுக்கிட்டு செத்தாங்க. அத மறைக்க நான் என்னா திருடியா?"

சரி சரி என்று சமாதானம் சொல்லி அனுப்பினேன். அனுப்பிவிட்டு, மாற்றித்தான் எழுதினேன். ரெசுமே எழுதுவதில் எனக்குத் தெரியாததா என்ற திமிர். கூடவே, இந்த வேலை கிடைக்காவிட்டால் அக்கா நிபோங் திபாலுக்குப் போக வேண்டியிருக்குமே என்ற பயம். சத்தியமாக அந்தப் பயமும் இருந்தது.

ரெசுமேயில் ஒட்டுவதற்குப் படம் எடுத்த கதை தனி. "கொஞ்சம் சிரிங்க ஆன்ட்டி" என்ற படக்கடைக்காரரை அக்கா ஒரு பார்வை பார்த்தார். அவர் தன் முதுகை நிமிர்த்திக்கொண்டு மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்துவிட்டார். பாஸ்போர்ட் அளவுப் படத்தில்கூட, நாம் இன்னும் மாத்திரை சாப்பிடவில்லை என்பதைக் கண்டுபிடித்துவிட்ட முகம்.

நேர்காணலுக்கு என் காடியில்தான் அழைத்துப் போனேன். "என் இங்கிலீஸு ஓடாது, நீங்களும் உள்ள வாங்க" என்று அக்கா என்னையும் அறைக்குள் இழுத்துக்கொண்டார். இல்லத்தின் பொறுப்பாளர் ஒரு தமிழ் அம்மாள். கழுத்தில் சிறிய சிலுவை, கண்ணில் கண்டிப்பு. பெரிய மருத்துவமனைகளில் பல வருடம் மிஸ்ஸியாக, அதாவது தாதியாக, இருந்தவராம். எல்லாரும் அவரை மேட்ரன் என்றார்கள். என் கைவண்ணத்தை நிதானமாகப் படித்தார். புருவம் மெல்ல மேலே ஏறியது.

"ஆறு எடத்துலயும் ஒப்பந்தம் முடிஞ்சுதுன்னு போட்டிருக்கு. ஒரு வீட்டுலகூட உங்கள மறுபடி வச்சுக்கலையா? உங்க வேலை புடிக்கலையா?"

முப்பது வருடம் இதே கேள்வியைக் கேட்டு ஆட்களைக் கழித்துக்கட்டியவன் நான். அது எப்படி என் மண்டையில் உறைக்காமல் போனது?

அக்கா என் பக்கம் திரும்பினார். திட்டவில்லை. "தம்பி, பேனா குடுங்க" என்றார். தாளைத் தன் பக்கம் இழுத்து, 'ஒப்பந்தம் முடிந்தது' என்பதை ஒவ்வொன்றாக அடித்து, பக்கத்தில் தன் கையால் எழுதினார். செத்துட்டார். செத்துட்டாங்க. செத்துட்டார். ஆறு தடவை. தோட்டக்கலையையும் அடித்துவிட்டு, தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஆறு பேருமா?" என்றார் மேட்ரன்.

"ஆறு பேரும். ஆனா ஒருத்தரு முதுகுலயும் புண்ணு கெடையாதும்மா. கடைசிக் குளிப்பாட்டுக்கு நாந்தானே தொடைச்சேன். பொறந்த புள்ள முதுகு கணக்கா இருந்துச்சு."

மேட்ரன் பேனாவைக் கீழே வைத்தார். "தவுக்கே நாலு வருஷம் படுக்கையில இருந்தாரா? அவருக்குமா?"

"அவருக்கும்தான். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் போட்டுருவேன். ரொம்பத் திட்டுவாரு. திட்டிக்கிட்டே திரும்புவாரு."

மேட்ரன் என்னைப் பார்த்தார். "இதை ஏன் சார் ரெசுமேயில போடல? இந்த வேலைக்கு இத விட வேற என்னா வேணும்?"

படுத்தே கிடப்பவர்களுக்கு முதுகு புண்ணாகிவிடும் என்பதும், அது வராமல் பார்ப்பதுதான் இந்த வேலையிலேயே கடினமானது என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நான் அவரிடம் பொழுதுபோக்கு என்னவென்று கேட்டேன். பலவீனம் என்னவென்று கேட்டேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, நான்கு வருடம், தூக்கத்திலிருந்து எழுந்து அந்த மனிதரைத் திருப்பிப் போட்டதை நான் கேட்கவே இல்லை. எனக்கு ரொம்ப வெட்கமாக இருந்தது.

ஆனாலும் மேட்ரன் விதிமுறையை விடவில்லை. அக்காவைப் பற்றிச் சொல்ல உயிரோடு ஒருவராவது வேண்டும் என்றார். உயிரோடு இருந்தது ஒரே ஒருவர்தான். புக்கிட் மெர்தாஜாமில் மகள் வீட்டில் இருக்கும் அந்தத் தலைமையாசிரியர். மேட்ரன் தொலைபேசியின் ஒலிபெருக்கியைப் போட்டு அவரை அழைத்து, அக்காவின் பெயரைச் சொன்னார்.

அந்தப் பக்கம் நாற்காலி தள்ளப்படும் சத்தம். "அந்தம்மாவா? பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்காங்க சார்."

"நான் நடந்துக்கிட்டுத்தான் இருக்கேன்னு சொல்லுங்க. காலையில இருவது சுத்து. என் மகளக் கேட்டுப் பாருங்க."

"அதுக்கில்ல சார். அவங்க வேலை எப்படின்னு கேக்கத்தான் போன் அடிச்சேன்."

"சரியான கொடுமைக்காரி. ரெண்டு தடவை போலீசுக்குப் போகலாம்னுகூட நெனச்சேன்." பிறகு குரல் இறங்கி வந்தது. "போலீசுக்குப் போகணும்னா நடக்கணுமேன்னுதான் முதல்ல எழுந்து நின்னேன். அந்தம்மா இல்லன்னா நான் இன்னைக்கும் கட்டில்லதான். நான்தான் அவங்கள மரியாதை இல்லாம அனுப்பிட்டேன். அத நெனச்சா மனசுக்குக் கஷ்டமா இருக்கு."

அக்கா தொலைபேசிப் பக்கம் குனிந்தார். "சார், கோப்பியில கெட்டிப்பால் ஊத்துறீங்களா?"

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

மேட்ரன் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். திங்கட்கிழமையே வந்துவிடச் சொன்னார். அறை மாடியில், ஜன்னலைத் திறந்தால் கடல். நிரப்பித் தரும்படி ஒரு படிவத்தைக் கொடுத்துவிட்டு வெளியே போனார்.

நாங்கள் இருவர் மட்டும். அக்கா படிவத்தைப் பார்த்தபடியே கேட்டார். "வேணாம்னு சொன்னேன்ல தம்பி. ஏன் பொய்யா எழுதுனீங்க?"

"நீங்க நிபோங் திபாலுக்குப் போயிருவீங்களோன்னு பயந்துட்டேன் அக்கா."

குண்டு குண்டு எழுத்தில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டே வந்தார். கடைசியில் ஓர் இடத்தில் நின்றுவிட்டார். எழுந்து கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் போய் நின்றார். திரும்பி வந்து, "உங்க போன் நம்பரச் சொல்லுங்க" என்றார். வேலைக்குச் சேர்ந்த பிறகு என்னைக் கூப்பிடுவதற்காக இருக்கும் என்று நினைத்து நம்பரைச் சொன்னேன். எழுதி முடித்ததும் படிவத்தை எட்டிப் பார்த்தேன்.

அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. உறவு என்ற இடத்தில் 'தம்பி' என்று எழுதியிருந்தார்.

"என்னா பாக்குறீங்க? எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஒங்களுக்குத்தான் அடிப்பாங்க. எந்நேரம் அடிச்சாலும் எடுக்கணும், தெரிஞ்சுதா?" என்று அதட்டினார்.

என்னோடு பிறந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். ஐம்பத்தேழு வயதில், தஞ்சோங் பூங்காவில் ஓர் அலுவலக அறையில், எனக்கு ஓர் அக்கா கிடைத்தார். கோவிலுக்குப் போனாலும் சரி, கல்யாணத்துக்குப் போனாலும் சரி, அன்றிலிருந்து நான் கைப்பேசியை அணைப்பதே இல்லை.