அலைத் தொட்டிக்கு நான் கொடுத்த ஓய்வு

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் தங்கை எழுதுவது. நீங்களும் அண்ணியும் சௌக்கியமாக இருக்க வேண்டும். நானும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. தயவுசெய்து வந்து என்னை அழைத்துக்கொண்டு போய்விடுங்கள். இவர் போன பிறகு மகள் வீடே கதி என்று வந்தேன், அந்த மகளின் படிப்பிலேயே மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேன்.

அவள் படிப்பது கொட்டலசைப் பற்றி. கடல் பாறையில் சுண்ணாம்புப் பொட்டு மாதிரி ஒட்டிக்கிடக்குமே, அந்தப் பூச்சிதான். தலையைக் கல்லில் ஒட்டிக்கொண்டு, காலை வெளியே நீட்டி, தண்ணீரில் வருவதை வாய்க்குள் அள்ளிப் போட்டுக்கொள்கிற பிழைப்பு. அலை ஓங்கி அடிக்கிற இடத்தில் அந்தக் கால் குட்டையாக, தடியாக வளருமாம். அலை இல்லாத இடத்தில் நீளமாக, மெல்லிசாக. கால் மட்டும் என்றால் பரவாயில்லை. துக்கம் கேட்க வந்த அவளுடைய பேராசிரியர், நகர முடியாத இந்தப் பிராணி பக்கத்து வீட்டோடு குடும்பம் நடத்த நீட்டுகிற ஆண் சமாச்சாரமும் அப்படித்தான், அலைக்குத் தக்கபடி குட்டை, தடி என்று கையால் அளந்தே காட்டினார். அழுவதா, காதைப் பொத்துவதா என்று தெரியாமல் "காபி குடிக்கிறீங்களா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

கூடத்தில் இரண்டு தொட்டி வைத்திருந்தாள். இரண்டிலும் ஒரே பாறையிலிருந்து பெயர்த்த கற்கள். ஒன்றில் தண்ணீர் சும்மா கிடக்கும், மற்றதில் மோட்டார் ஓயாமல் அலை அடிக்கும். பார்க்கப் பார்க்கப் பாவமாக இருந்தது அண்ணா. வாங்கிய அடி போதாதா என்று, அவள் தலை மறைந்ததும் சுவிட்சை அணைப்பேன், வரும் நேரம் பார்த்துப் போடுவேன். மாதக்கணக்கில் இந்தப் புண்ணியத்தைச் செய்தேன். போன வாரம் அவள் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தால், அலைத் தொட்டியிலும் கால் நீள நீளமாக!

"அம்மா, மோட்டாரை நிறுத்துனியா?"

"கொஞ்ச நேரம் மூச்சு விடட்டுமேன்னுதான்டி..."

"கொஞ்ச நேரமா? கொக்குக் கால் மாதிரி வளந்து நிக்குது! அதுங்க அடி வாங்கணும்மா, அதுக்குத்தானே வச்சிருக்கேன்!"

"அடி வாங்குறதைப் பாக்கணும்னா என்னைப் பாரேன்டி!"

அவ்வளவுதான், வாயை மூடிக்கொண்டாள். திட்டினாலாவது மனசு ஆறும். சாப்பாடு போடுகிறாள், மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள், பேச்சு மட்டும் இல்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டுமாம். புருஷனைத்தான் பிடித்து வைக்க முடியவில்லை, பெற்ற பிள்ளையின் படிப்பையாவது கெடுக்காமல் இருந்தேனா? பெட்டியைக் கட்டிவிட்டேன். சீக்கிரம் வாருங்கள்.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகள் நூறு வயசு வாழட்டும், என் ராசி மட்டும் அவர்களுக்கு வேண்டாம்.

உங்கள் பாரமான தங்கை

பின்குறிப்பு: அண்ணா, வர வேண்டாம். புதுக் கற்களோடு அலைத் தொட்டியைத் தன் அறைக்கு மாற்றிவிட்டாள். "நீயும் இங்கயே படு, என் கண்ணு முன்னாடியே இரு" என்று என் பாயையும் இழுத்துப் போட்டாள். கூடத்தில் இருந்தவரை அந்த மோட்டார் சத்தம் வெறும் இரைச்சல். படுத்துக்கொண்டு கேட்டால் அப்படியே அவருடைய குறட்டை. இழுத்து, நின்று, மறுபடி இழுத்து. அவர் போனதிலிருந்து வராத தூக்கம் வந்துவிட்டது. தூக்கத்தில் தொட்டியை ஒரு தட்டுத் தட்டி, "திரும்பிப் படுங்க" என்றேனாம். காலையில் மகள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள், அப்புறம் அழுதாள். சுவிட்சில் நான் கை வைக்கவில்லை, அண்ணா.